கொழுக்கட்டைப் புல் விதை: நல்ல சரக்கு, லேபிள்தான் போதாது

உசிலம்பட்டியில் ஒரு சின்ன விதைக்கடையில் கொழுக்கட்டைப் புல் விதை வாங்கி, எங்கள் செம்மண் மேட்டில் புரட்டாசி மழைக்கு விதைத்தேன். வெள்ளாடுகளுக்காகத்தான். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் விதை அருமை.

பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டிப் பாருங்கள். விதை இருக்கும் சிறுகதிர்களைச் சுற்றித் தூவிகள், அதாவது முடி போன்ற இழைகள், வளையமாக நிற்கும். கொழுக்கட்டைப் புல் சேர்ந்த சென்க்ரஸ் பேரினத்தின் அடையாளமே அதுதான். முற்றியதும் வளையத்தோடு சேர்ந்தே உதிரும். இந்தப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு: பைஃப்ளோரஸ் இனத்தில் தூவிகளில் பின்னோக்கிய நுண்முட்கள் இருக்கும், வேட்டியில் ஒட்டினால் உயிரை வாங்கிவிடும். செட்டிஜெரஸில் தூவிகள் குட்டை, விறைப்பு, அடியில் ஒன்றாக இணைந்திருக்கும். நான் கேட்டது சிலியாரிஸ்: நீண்ட, மெத்தென்ற தூவிகள், உட்பக்கத் தூவிகளில் மெல்லிய ரோமம். வந்ததும் அதுவே, கலப்படம் இல்லை.

ஒரு குறை. லேபிளில் அறுவடை மாதம் இல்லை. இந்தப் புல்லின் புது விதைக்கு உறக்கம் உண்டு; 6 முதல் 8 மாதம் வைத்திருந்தால்தான் நன்றாக முளைக்கும். கேட்ட பிறகுதான் கடைக்கார அண்ணன், "போன வருச விதைதான்யா, தைரியமாப் போடுங்க" என்றார். இதை அச்சிட்டே தரலாமே!

விதை பஞ்சு மாதிரி பறக்கும், மணல் கலந்து தூவுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம். அப்புறம், வேர் ஆழமாக இறங்குவதால் சித்திரை வெயிலிலும் தூர் சாகவில்லை, ஒரு மழைக்கே துளிர்த்துவிட்டது. தண்ணீர் தேங்கும் கரிசல் வயலென்றால் மட்டும் இதை வாங்காதீர்கள்.