வெளிநாட்டில் கிரெடிட் கார்டு கைவிட்டால்: எந்த மாற்றுவழி உண்மையில் காப்பாற்றும்?

முதல் கார்டை இயந்திரம் மறுத்தபோது நான் பதறவில்லை. பையில் இன்னொரு கார்டு இருந்தது. அதையும் மறுத்தபோதுதான் கை நடுங்கியது. இரவு பதினொன்றரை மணி, தெரியாத ஊர், ஹோட்டல் வரவேற்பு மேசை முன்னால் நானும் இரண்டு பெட்டிகளும். காரணம் மறுநாள்தான் புரிந்தது. இரண்டு கார்டுகளும் ஒரே வங்கி கொடுத்தவை. வெளிநாட்டில் திடீரென்று பெரிய தொகை விழுந்ததும் வங்கியின் மோசடித் தடுப்பு அமைப்பு ஒரு கார்டோடு நிற்காமல் என் கணக்கையே மொத்தமாக நிறுத்திவிட்டது. 'இது நீங்கள்தானா?' என்று கேட்டு வந்த குறுஞ்செய்தி என் சொந்த சிம்முக்குப் போயிருந்தது. அந்த சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, உள்ளூர் சிம் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து மாற்றுவழிகளை ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: முதல் கார்டு எந்தக் காரணத்தால் போனதோ, அதே காரணத்தால் இதுவும் போகுமா? வங்கி சந்தேகப்படலாம், பரிவர்த்தனையைக் கடத்தும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க் படுத்துவிடலாம், பர்ஸ் தொலையலாம், போன் தொலையலாம். இந்த நாலில் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்த்தால் ஒவ்வொரு மாற்றுவழியின் மதிப்பும் தானாகத் தெரிந்துவிடும்.

மறுத்தது யார்?

மாற்றுவழிக்குத் தாவும் முன் இதைக் கண்டுபிடித்துவிடுவது நல்லது. சில இயந்திரங்கள் மறுப்பு ரசீதில் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்றை அச்சிடும். கேட்டால் கடைக்காரர் காட்டுவார். 51 என்றால் வரம்பு போதவில்லை. 54 என்றால் கார்டு காலாவதி. 55 என்றால் பின் எண் தவறு. 75 என்றால் தவறான பின் எண்ணைப் பலமுறை போட்டுப் பூட்டிக்கொண்டுவிட்டீர்கள். 91 என்றால் உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை, சற்றுப் பொறுத்து முயன்றால் கிடைக்கலாம். இருப்பதில் மோசமானது 05. வங்கி மறுத்தது, காரணம் சொல்லவில்லை என்று அர்த்தம். பல நேரம் அது சந்தேகமாகத்தான் இருக்கும். அப்போது அதே கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. வங்கியிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

வரம்பு மீதம் இருக்கிறதே என்று தோன்றும்போது 51 வந்தால், ஹோட்டலோ வாடகைக் கார் நிறுவனமோ முன்வைப்பாக நிறுத்திவைத்த தொகை நினைவுக்கு வரட்டும். அது இன்னும் செலவாகவில்லை, ஆனால் வரம்பில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகும்.

ஆளில்லாத இயந்திரங்கள் தனி ரகம். ரயில் டிக்கெட் இயந்திரம், சுங்கச்சாவடி போன்ற இடங்களில் பின் எண் இல்லாமல் வேலை நடக்காமல் போகலாம். அமெரிக்காவில் பெட்ரோல் பம்ப் அஞ்சல் குறியீட்டைக் கேட்கும், வெளிநாட்டுக் கார்டுக்கு அது பொருந்தாது. இதற்கெல்லாம் வங்கியை அழைக்க வேண்டியதில்லை. உள்ளே ஆள் இருக்கும் கவுன்டருக்குப் போனால் அதே கார்டு வேலை செய்யும்.

இரண்டாவது கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா?

பலரும் 'டெபிட் கார்டு இருக்கிறதே' என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். நான் இரண்டாவது கிரெடிட் கார்டின் பக்கம்தான். ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: வங்கியும் வேறாக இருக்க வேண்டும், நெட்வொர்க்கும் வேறாக இருக்க வேண்டும். முதல் கார்டு விசா நெட்வொர்க் என்றால் இரண்டாவது மாஸ்டர்கார்டு.

நெட்வொர்க் எங்கே படுக்கப்போகிறது என்று நினைக்கலாம். 2018 ஜூன் 1 அன்று ஐரோப்பா முழுக்க விசா தடுமாறியது. ஒரு தரவு மையத்தில் இருந்த சாதனம் பாதி பழுதாகி, முழுதாக நின்றுபோகாமல் இழுத்துக்கொண்டிருந்ததால் மாற்று மையத்துக்கு உடனே மாறவும் முடியவில்லை. சுமார் 10 மணி நேரத்தில் 52 லட்சம் பரிவர்த்தனைகள் தோற்றன. அன்று மாஸ்டர்கார்டு வைத்திருந்தவர் சாப்பிட்டதற்குப் பணம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். டெபிட்டும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை நின்றதும், நாட்டின் டெபிட் கட்டமைப்பான இன்டராக் சேர்ந்தே விழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. வெளியே வழங்கப்பட்ட கார்டுகள் அங்கே செல்லாமல் போயின. அந்த நிலையில் இரண்டு நெட்வொர்க் வைத்திருந்தும் பயனில்லை, ரொக்கம்தான் பேசியது.

டெபிட்டில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. மோசடி நடந்தால் கிரெடிட் கார்டில் சண்டை வங்கியின் பணத்தைப் பற்றியது, விசாரணை முடியும்வரை உங்கள் கணக்கு அப்படியே இருக்கும். டெபிட்டில் உங்கள் பணம் முதலில் போய்விடும், பிறகுதான் விசாரணை. ஹோட்டல் முன்வைப்புத் தொகையும் அப்படித்தான், உங்கள் சேமிப்பிலிருந்தே முடக்கப்படும். பயணத்தின் நடுவில் கணக்கு காலியாகக் கிடந்தால் அப்புறம் கிடைக்கும் நியாயம் இன்றிரவு அறைக்கு உதவாது.

ஆனால் ஏடிஎம் முன் நிற்கும்போது கணக்கு தலைகீழ். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் பொதுவாக எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். வாங்கும் பொருளுக்குக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் இதற்குக் கிடையாது. ரொக்க வரம்பும் மொத்த வரம்பில் ஒரு பகுதிதான். எனவே பணம் எடுக்க டெபிட், பணம் செலுத்த கிரெடிட். டெபிட் கணக்கில் பயணத்துக்குத் தேவையான அளவு மட்டும் போட்டுவைத்தால் மோசடி பயமும் பாதியாகும்.

அங்கே இன்னொரு வலையும் காத்திருக்கும். 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா?' என்று ஏடிஎம்மும் கடை இயந்திரமும் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதத்தை வைப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த ஏடிஎம் அல்லது கடையின் பக்கம். பெரும்பாலும் மோசமான விகிதம். கார்டு ஒருமுறை மறுக்கப்பட்டுப் பதற்றத்தில் நிற்கும்போதுதான் நாம் திரையைப் படிக்காமல் 'சரி' அழுத்துகிறோம்.

ப்ரீபெய்டு பயணக் கார்டு

முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் இந்தக் கார்டுக்கு ஒரு நல்ல குணம்: உங்கள் வங்கிக் கணக்கோடு தொடர்பில்லாதது. திருடு போனாலும் அதில் ஏற்றிய தொகையோடு இழப்பு நிற்கும். உங்கள் வங்கி உங்கள் மேல் சந்தேகப்பட்டாலும், வேறு நிறுவனம் வழங்கிய கார்டுக்கு அது தெரியாது. ஏற்றிய நாளின் மாற்று விகிதமே நிலைக்கும் என்பதால் செலவைக் கணக்கிடுவதும் எளிது.

பலவீனம் முன்வைப்புத் தொகை கேட்கும் இடங்களில். வாடகைக் கார் நிறுவனங்கள் பல இதை ஏற்காமல் கிரெடிட் கார்டுதான் வேண்டும் என்று நிற்கும். ஏற்றாத வேறு நாணயத்தில் செலவழித்தால் மாற்றுக் கட்டணம் விழும். மீதி தீர்ந்தபின் மறுபடி ஏற்றுவது உங்கள் வங்கியையும் ஓடிபியையும் சார்ந்தது, ஆக முதல் கேள்வியில் மறுபடியும் மாட்டிக்கொள்கிறீர்கள். ஒரே நாட்டுக்குப் போய்த் திரும்பும் குறுகிய பயணத்துக்கு நல்ல துணை. தனியாக நம்பிப் போக மாட்டேன்.

போனிலுள்ள கார்டு

இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. பாதுகாப்பில்லாதது என்பது ஒன்று. உண்மையில் போன் கடைக்காரருக்கு அனுப்புவது உங்கள் கார்டு எண்ணை அல்ல, அதற்குப் பதிலாக உருவாக்கப்பட்ட வேறோர் எண்ணை. கடையின் இயந்திரத்திலிருந்து அதைத் திருடினாலும் பயனில்லை. தேய்த்துச் செலுத்தும் கார்டைவிட இது பல மடங்கு பத்திரம்.

இரண்டாவது எண்ணம்தான் ஆபத்தானது: 'போனில் இருக்கிறது, அதனால் எனக்கு இரண்டு கார்டு இருக்கிறது.' இல்லை. வங்கி அந்தக் கார்டை நிறுத்தினால் போனில் இருப்பதும் நிற்கும். பர்ஸ் தொலைந்ததற்கு மட்டும்தான் இது மருந்து. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மிக நல்ல மருந்து. தொலைந்த கார்டை முடக்கியதும் புதிய எண்ணைப் பிளாஸ்டிக் வந்துசேரும் முன்பே போனில் ஏற்றித்தரும் வங்கிகள் உண்டு. கிளம்பும் முன் உங்கள் வங்கி அப்படிச் செய்யுமா என்று கேட்டுவையுங்கள். செய்யும் என்றால் கூரியருக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

போனே தொலைந்தால்? கார்டு, வங்கிச் செயலி, ஓடிபி, வங்கியின் எண் எல்லாம் ஒரே நொடியில் போகும். போன் கையில் இருக்கும்வரை வங்கியின் குறுஞ்செய்தி தவறாமல் வர, சொந்த சிம்மை ரோமிங்கில் போனிலேயே விட்டுவிட்டு, இணையத்துக்கு ஈசிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) எடுப்பது என் பழக்கமாகிவிட்டது. போன் தொலைந்தால் உதவ, கூடவே ஒரு காகிதத்தில் வங்கிகளின் எண்கள். கட்டணமில்லா எண்கள் பல வெளிநாட்டிலிருந்து இணைவதில்லை, நாட்டுக் குறியீட்டோடு கூடிய சாதாரண எண்ணைத்தான் எழுதிவைக்க வேண்டும்.

அவசர மாற்றுக் கார்டா, வீட்டிலிருந்து பணமா?

எல்லாம் போன பிறகு வரும் கேள்வி இது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் இருபத்து நான்கு மணி நேரமும் உலகளாவிய உதவித் தொலைபேசி வைத்திருக்கின்றன. கட்டணத்தை அவர்களே ஏற்கும்படி அழைக்கவும் முடியும். உங்கள் வங்கி ஒப்புக்கொண்டால், நீங்கள் இருக்கும் இடத்துக்கே தற்காலிகக் கார்டு அனுப்புவார்கள். ஒன்று முதல் மூன்று நாளில் வரும் என்பது பொதுவான அளவு. ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குபவருக்கு இது நன்றாகப் பொருந்தும். இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று நகர்பவருக்குக் கார்டு பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும், கையில் சேராது. தற்காலிகக் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியும் என்றும் நம்ப வேண்டாம்.

இதற்கு எதிரே, வீட்டிலிருந்து ஒருவர் பணம் அனுப்பி, அதை வெஸ்டர்ன் யூனியன் போன்ற இடத்தில் ரொக்கமாக வாங்கிக்கொள்வது. சில நிமிடங்களில்கூட வந்துசேரும். கட்டணமும் விகிதமும் சேர்ந்து கொஞ்சம் கடிக்கும், ஆனால் அன்றைய இரவுக்கு வேகம்தான் முக்கியம். கவனிக்க வேண்டியது பெயர். கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அனுப்புபவர் எழுத வேண்டும். இனிஷியலை விரித்ததும் சுருக்கியதும் கவுன்டரில் பெரிய பிரச்சினையாகும். பர்ஸோடு கடவுச்சீட்டும் போயிருந்தால் இந்த வழியும் அடைபடும், முதலில் தூதரகம்தான்.

இரண்டில் ஒன்று என்றால் நான் பணம் வரவழைப்பதை முதலில் செய்து, அதன் பிறகு நிதானமாக மாற்றுக் கார்டு கேட்பேன். பழைய பயணிகளின் டிராவலர்ஸ் செக் இன்று பெயருக்குத்தான் இருக்கிறது, மாற்றித்தரும் இடம் தேடியே நாள் போகும். அதன் இடத்தை இரண்டு மூன்று நாள் செலவுக்கான ரொக்கம் நிரப்பும், பர்ஸில் இல்லாமல் வேறு பையில் இருந்தால்.

தற்காலிகமாகப் பூட்டுவதா, ஒரேயடியாக முடக்குவதா?

கார்டு கண்ணில் படவில்லை என்றால் செயலியில் தற்காலிகப் பூட்டு போதும். முந்தைய அறையின் மேசையிலேயே கிடைத்தால் திறந்துகொள்ளலாம். திருட்டு உறுதி என்றால் நிரந்தர முடக்கம்தான், தயங்கக் கூடாது. கடினமான நிலை மூன்றாவது: கார்டு கையில் இருக்கிறது, ஆனால் அதன் எண்ணில் யாரோ இணையத்தில் வாங்குகிறார்கள். இங்கே பல வங்கிச் செயலிகள் இணையப் பரிவர்த்தனையை மட்டும் தனியாக நிறுத்த விடும். அதை உடனே நிறுத்துங்கள், வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். ஆனால் அது உங்கள் ஒரே கார்டு என்றால், முடக்கும் முன் மாற்றாக என்ன தருவார்கள், எத்தனை நாளில் என்று அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். முடக்கிய பிறகு கேட்பதைவிட அப்போது நல்ல பதில் கிடைக்கும்.

திரும்பி வந்ததும் மறுக்கப்பட்ட ரசீதுகளைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். மறுத்ததாகச் சொன்ன தொகையே சில நாள் கழித்துக் கணக்கில் விழுவதும், ஒரே செலவு இரண்டு முறை விழுவதும் நடக்கும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இத்தகைய புகார்கள் பெரும்பாலானவற்றுக்கு வங்கி நடவடிக்கை எடுக்க 120 நாள் கெடு. வாடிக்கையாளருக்கு உங்கள் வங்கி அதைவிடக் குறைவான நாள்தான் கொடுக்கலாம். முதல் கணக்கு அறிக்கை வந்த அன்றே ரசீதுகளை எடுத்துவைத்து வரிவரியாக ஒப்பிட்டுவிடுங்கள்.