அம்மாவின் முழங்கால் வலிக்கு வாங்கிய கஞ்சா இலை எண்ணெய்

அம்மாவுக்கு வயது 82. கொடுமுடிக்குப் பக்கத்தில், காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீர் பாயும் தோட்டம் எங்களுடையது. மஞ்சள் காட்டில் களை எடுத்தும், வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பியும் ஐம்பது வருடம் குத்துக்காலிட்டே உட்கார்ந்த முழங்கால்கள் அவருடையவை. இப்போது இரவில் திரும்பிப் படுக்கக்கூட முடிவதில்லை.

சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் அம்மாவின் இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. துடிப்பும் சீராக இருப்பதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை தினமும் போடுகிறார். வார்ஃபரின் போடுகிறவர்களுக்குச் சாதாரண வலி மாத்திரை ஆகாது. வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். மிஞ்சுவது பெரும்பாலும் பாராசிட்டமால்தான், அது அம்மாவின் வலிக்குப் போதவில்லை. கனடாவில் இருக்கும் என் தங்கை மகன், தன் மாமியார் தூக்கத்துக்குக் கஞ்சா எண்ணெய்ச் சொட்டு எடுக்கிறார் என்று சொன்னபோது நான் காது கொடுத்துக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

முதலில் ஏமாந்தது வேறு ஒரு பொருளில். ஈரோட்டில் ஓர் இயற்கைப் பொருள் கடையில், கஞ்சா இலைப் படம் போட்ட எண்ணெய் பாட்டில் இருந்தது. மூட்டு வலிக்கு நல்லது என்று கொடுத்தார்கள். அது விதையிலிருந்து ஆட்டிய எண்ணெய். 2021 முதல் இந்தியாவில் உணவுப் பொருளாக விற்க அனுமதி பெற்றது. சமையலுக்கு நல்ல எண்ணெய்தான். ஆனால் வலியைத் தொடும் சத்துகள் விதையில் இல்லை. அம்மாவின் காலில் அதைத் தேய்த்ததும் நல்லெண்ணெய் தேய்த்ததும் ஒன்றாகவே இருந்தது.

அதன் பிறகுதான் இலைச் சாறு சேர்த்த எண்ணெயை இணையத்தில் வாங்கினேன். நிறுவனத்துக்குத் தனியாக எழுதிவிட்டதால் பெயரை இங்கே போடவில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயுமான நுனியை. தனி இலை அந்த வரையறைக்குள் வராது. அதனால் ஆயுர்வேத உரிமத்தில், ‘விஜயா’ என்ற பெயரில், மருத்துவர் சீட்டோடு இதை விற்கிறார்கள்.

சீட்டுக்காகக் காணொளி அழைப்பில் ஒரு மருத்துவர் வந்தார். அம்மாவின் மாத்திரை அட்டைகளை எல்லாம் மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலி எங்கே, எத்தனை வருடமாக, தூக்கம் எப்படி, சர்க்கரை உண்டா என்று கேட்டார். நான்கு நிமிடம் ஆனது. வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்தேன், அதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது. நானாக வாய் திறந்திருக்க வேண்டும். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

ஐந்தாம் நாள் கொரியரில் வந்தது. பழுப்பு நிற 30 மில்லி பாட்டில், விலை 2,400 ரூபாய், மூடியிலேயே சொட்டுக் குழாய். பச்சை வாடை, லேசான கசப்பு. மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என்ன இலை என்று மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், “ஒறம்பரை (உறவுக்காரர்கள்) வரும்போது அலமாரிக்குள் வைத்துவிடு கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாக்குக்கு அடியில் நான்கு சொட்டு. முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் இரவு அம்மா பத்து மணிக்குப் படுத்து நான்கு மணிக்குத்தான் விழித்தார். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இரவு நடந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. முழங்கால் வலி போகவில்லை. ஆனால் வலி தூரத்தில் இருக்கிறது என்றார்.

ஆறாம் இரவு குளியலறைக்கு எழுந்தவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். “தலை கிறுகிறுக்கிறது சாமி.” படுக்க வைத்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம் 138, எழுந்து நின்றதும் 106. அந்த வயதில் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. காலையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், முன்கையில், வாளிக் கம்பி பட்ட இடத்தில், நாவல் பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு.

கொடுமுடியில் எங்களுக்கு மாத்திரை தரும் மருந்துக் கடை அண்ணாதான் முதலில் சந்தேகப்பட்டார். சொட்டு பாட்டிலை வாங்கிப் படித்த உடனே, “அக்கா, இன்றைக்கே ஐ.என்.ஆர். பாருங்கள்” என்றார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் சோதனை அது. அம்மாவுக்கு இரண்டிலிருந்து மூன்றுக்குள் இருக்க வேண்டிய அளவு 4.3 காட்டியது. வார்ஃபரினை உடைக்கும் கல்லீரல் நொதியைக் கஞ்சாவிலுள்ள சத்துகள், முக்கியமாக போதை தராத சி.பி.டி., மந்தப்படுத்தும், அப்போது அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்யும் என்று எங்கள் இதய மருத்துவர் விளக்கினார். தலைசுற்றலுக்குக் காரணம், கஞ்சாவில் போதை தரும் சத்தான டி.எச்.சி. கொழுப்புள்ள உணவோடு சேர்ந்தால் இவை இன்னும் அதிகமாக உடம்பில் ஏறுமாம். நான் தினமும் நெய்ச் சோறு கொடுத்த கையோடு சொட்டு விட்டிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சீட்டிலும் இல்லை, பாட்டிலிலும் இல்லை.

சொட்டை நிறுத்தினோம். பத்து நாளில் ஐ.என்.ஆர். 2.6க்கு இறங்கியது.

தங்கை மகன் தன் மாமியாரின் பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பினான். ஒரு மில்லியில் டி.எச்.சி. எத்தனை மில்லிகிராம், சி.பி.டி. எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக அச்சிட்டிருக்கிறது. எங்கள் பாட்டிலில் மொத்த இலைச் சாற்றின் எடை மட்டும்தான். அளவு தெரியாமல் எந்த மருத்துவர்தான் வார்ஃபரினைக் கூட்டிக் குறைப்பார்?

இந்த எண்ணெயே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இஸ்ரேலில் கஞ்சாவை மருந்தாக எடுத்த, 65 வயதைத் தாண்டிய 2,736 பேரைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் தங்கள் நிலை தேறியது என்றுதான் சொன்னார்கள், வலியும் குறைந்திருந்தது. மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. அதிலும் அதிகம் வந்த பக்க விளைவு தலைசுற்றல்தான். அம்மா தூங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். சுவரைப் பிடித்து நின்றதையும் பார்த்தேன்.

எண்ணெய்க்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன். மருத்துவ ஆலோசனைச் சேவைக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். வயதானவர்களுக்கு விற்கும் நிறுவனம் முதல் கேள்வியாக மாத்திரைப் பட்டியலைக் கேட்க வேண்டும். வீட்டில் ரத்தம் உறையாமைக்கோ வலிப்புக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர் இருந்தால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டாமல் ஒரு சொட்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது வெந்நீர் ஒத்தடமும், தொடைத் தசைக்கான பயிற்சியும் நடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்குகிறார். நேற்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: “அந்தச் சொட்டை இன்னொரு நாள் கொடுப்பாயா கண்ணு? அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.” அடுத்த மாதம் இதய மருத்துவரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.