குழந்தை பிராக், ஜப்லா பேப்பர் பேட்டர்ன்: வாங்கலாமா?

தர்மபுரியில் தையல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் பேட்டர்ன் (துணியின் மேல் வைத்து வெட்டும் அளவுத் தாள்) கட்டு இது. உள்ளே ஜப்லா, யோக் பிராக் (மேலே தனி மார்புத் துண்டு, அதாவது யோக், வைத்துக் கீழே சுருக்கம் விட்டது), ஜட்டி மூன்றும் உண்டு. தாள் கனமானது, குண்டூசி குத்தினாலும் கிழியாது. அக்குள் வளைவு அருமையாக வரையப்பட்டிருக்கிறது, கை தூக்கினால் பிராக் மேலே ஏறாது.

கோளாறு கழுத்தில்தான். 6 மாத அளவுக்குக் கழுத்துச் சுற்று 12 அங்குலம், பின் திறப்பு 2 அங்குலம். திறப்பின் இரு ஓரத்தையும் சேர்த்தால் மொத்தம் 16. அந்த வயதுக் குழந்தையின் தலைச்சுற்றோ ஏறக்குறைய 17 அங்குலம். எப்படி நுழையும்? திறப்பை 3 அங்குலமாக வெட்டுங்கள், 18 கிடைக்கும். கழுத்தை அகலப்படுத்த வேண்டாம், தோள் நழுவும்.

தையலுக்கு விட வேண்டிய துணி தாளில் சேர்க்கப்படவில்லை. இதை அட்டையிலேயே பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். பக்கத்துக்கு அரை அங்குலம் சேர்த்து வெட்டவும்.

பங்குனி வெயிலுக்கு மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணிதான் சரி. வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உடுப்பு சுருங்கிவிடும். மெஷின் ஊசி 11-ம் நம்பர் போதும், 16 போட்டால் ஓட்டை தெரியும். பிராக்கின் கீழ்ப்பாவாடைச் சுருக்கத்துக்கு யோக் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு துணிதான் கொடுத்திருக்கிறார்கள். சற்றுக் கனமான பாப்ளின் துணிக்கு அது சரி; மல்மல் மெல்லிசு, இரண்டு மடங்கு வையுங்கள். கழுத்துக்கு ஒன்றேகால் அங்குலக் கிராஸ் பீஸ் (குறுக்குவாட்டில் வெட்டிய துணிப் பட்டை) வைத்து மடித்தால் பிசிறு குழந்தையை உறுத்தாது.

ஜட்டி பேட்டர்னில் குறையே இல்லை. தையல் பழகியவர்கள் தாராளமாக வாங்கலாம்.