பிஎஃப் பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஓடிபி சொல்லாதீர்கள்: 28,330 ரூபாயும் போச்சு, பென்ஷனும் போச்சு

நேற்று மதியம் பிஎஃப் ஆபீஸிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. பெங்களூரில் இருக்கும் நம்ம ஆட்கள், முக்கியமாக பீன்யா தொழிற்பேட்டை பக்கம் வேலை பார்த்து 58 வயதை நெருங்குகிறவர்கள், இதைத் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

நான் ஸ்ரீராமபுரத்தில் முப்பது வருஷமாக இருக்கிறேன். முதலில் லேத் வேலை, அப்புறம் கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின். 2004 முதல் 2012 வரை ஒரு கம்பெனியில் எட்டு வருஷம். அதை மூடிவிட்டார்கள். நடுவில் சில வருஷம் பிஎஃப் எதுவும் பிடிக்காத சின்ன ஷெட்டுகளில் ஓட்டினேன். 2017இல் இன்னொரு கம்பெனி. போன ஆகஸ்டில் 58 முடிந்து வெளியே வரும்வரை அங்கே எட்டு வருஷம். எட்டும் எட்டும் பதினாறு. பத்து வருஷ சர்வீஸ் இருந்தாலே 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. அதை நம்பித்தான் 2012இல் பணக் கஷ்டம் வந்தபோதும் பழைய பிஎஃப் கணக்கில் கை வைக்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், ஒருவருடைய எல்லா பிஎஃப் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கும் யுஏஎன் நம்பர் வந்ததே 2014இல்தான். என் பழைய கணக்கு கேஎன் என்று தொடங்கும் பழைய நம்பரிலேயே கிடந்தது, யுஏஎன்னில் சேரவில்லை. அதைச் சேர்க்கப் போனால் பெயர் பொருந்தவில்லை. பழைய கம்பெனியில் இனிஷியலை முன்னால் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. நம்ம தமிழ்ப் பெயர்களுக்கு இந்த இனிஷியல் தொல்லை எங்கே போனாலும் கூடவே வருகிறது.

எங்கள் மெயின் ரோட்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் பிரின்ட் போடும் கடை ஒன்று. பிஎஃப், பென்ஷன் வேலை செய்து தரப்படும் என்று கன்னடத்திலும் தமிழிலும் போர்டு. செப்டம்பரில் போனேன். கடைக்காரனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. "அண்ணா, நம்ம போளூர் பக்கமா?" என்று கேட்டான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

ரேகை வைக்கச் சொன்னான். மூன்று தடவை வைத்தும் விழவில்லை. இத்தனை வருஷம் கூலன்ட் தண்ணீரிலும் ஆயிலிலும் கிடந்த கட்டைவிரல், அதில் ரேகை எங்கே இருக்கும்? அவன் தன் கைக்குட்டையை ஈரமாக்கி என் விரலை மெதுவாகத் துடைத்துவிட்டான். "உழைச்ச கைண்ணா இது" என்றான். பெற்ற பிள்ளை மாதிரி இருந்தது. அதுவும் விழாததால், "பரவாயில்ல, ஓடிபி வரும் பாருங்க" என்றான். வந்த ஆறு நம்பரையும் நானே சத்தமாகப் படித்தேன். "பழைய கணக்கும் சேர்ந்துதானே தம்பி வரும்?" என்று கேட்டேன். "எல்லாம் சேர்ந்துதாண்ணா வரும், கவலையே படாதீங்க."

முதலில் 6,000 வாங்கினான். அப்புறம் "ஆபீஸ்ல பார்க்க வேண்டியவங்களைப் பார்க்கணும்" என்று 10,000. நவம்பரில் என் பேங்க் கணக்கில் 1,23,300 ரூபாய் ஏறியது. "இது முதல்ல வர்றது, மாசப் பென்ஷன் அடுத்து தொடங்கும், பேசினபடி பத்து பர்சென்ட் குடுங்க" என்றான். சந்தோஷமாக 12,330 ரூபாயைப் போனில் அனுப்பிவிட்டு, அரைக் கிலோ மைசூர்பாக்கும் வாங்கிக் கொடுத்தேன். ஆக மொத்தம் 28,330 ரூபாய்.

டிசம்பரில் பென்ஷன் வரவில்லை. கேட்டால் சர்வர் டவுன். அடுத்த தடவை, ஜீவன் பிரமாண், அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, ஏறவில்லை. அடுத்த தடவை, பொங்கல் முடியட்டும். அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால் கடைப் பையன், "அண்ணன் வெளிய போயிருக்காரு." ஒரு நாள் ஆள் சிக்கியதும் "உங்க கம்பெனியில கேளுங்க" என்றான். மெட்ரோ பிடித்து பீன்யா போய் ஹெச்ஆரில் கேட்டேன். அவர்கள் பக்கம் எல்லாம் முடித்து அனுப்பிவிட்டார்களாம். கடைசியாகப் போனபோது யாருடைய ரேஷன் கார்டையோ லேமினேஷன் போட்டுக்கொண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான்: "பணம் வந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" அண்ணாவும் இல்லை, போளூரும் இல்லை.

போன வாரம் என் மகள் பழைய மெசேஜை எல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, பென்ஷனுக்கு 10டி போடணும். இதுல 10சினு இருக்கே" என்றாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நேற்று பிஎஃப் ஆபீஸில் ஒரு அம்மா பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார். 10டி என்பது மாதப் பென்ஷனுக்கு. 10சி என்பது பத்து வருஷம் இல்லாதவர்கள் பென்ஷன் பங்கை மொத்தமாக எடுத்துக்கொள்ள, இல்லையென்றால் பணத்தை எடுக்காமல் சர்வீஸைக் காப்பாற்றி வைக்கும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்க. யுஏஎன்னில் எட்டு வருஷம் மட்டும் தெரிந்ததால் பணம் எடுக்கும் மனு பாஸாகிவிட்டது. எடுத்த பிறகு அந்த எட்டு வருஷ சர்வீஸ் கணக்கில் வராது. மிச்சம் இருப்பது பழைய எட்டு. அது பத்துக்குக் கீழே. பழைய கணக்கைச் சேர்க்கச் சொல்லியோ பெயரைத் திருத்தச் சொல்லியோ ஒரு மனுகூடப் போடவே இல்லையாம்.

வெளியே வந்து மகள் கணக்குப் போட்டாள். சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய காலத்துக்குச் சம்பள உச்சவரம்பு 6,500, அதற்குப் பிறகு 15,000. எனக்கு மாதம் சுமார் 2,457 ரூபாய் வந்திருக்கும். பெரிய பணம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டு அரிசிக்கும் என் சுகர் மாத்திரைக்கும் அது போதும். எனக்குப் பிறகு என் மனைவிக்கு அதில் பாதி வந்திருக்கும். கையில் வந்த 1,23,300 ஐம்பது மாதத்தில் தீர்ந்துவிடும். என் அப்பா 84 வயது வரை இருந்தார்.

அவனுக்கு எது சீக்கிரம் பணம் தருமோ அந்த ஃபாரத்தைப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். என் பதினாறு வருஷத்தை அவனுடைய பத்து பர்சென்டுக்காக உடைத்துவிட்டான். 28,330 ரூபாய்க்கு ரசீது கிடையாது. 16,000 ரொக்கம். போனில் அனுப்பிய 12,330 மட்டும்தான் சாட்சி.

என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஒரு நிலையில் இல்லை. அவசரமாகச் சொல்கிறேன். பிஎஃப்பில் எந்த மனுவுக்கும் கட்டணம் கிடையாது, ஒரு ரூபாய்கூட. ஓடிபி சொல்லும் முன் எந்த ஃபாரம் என்று கேளுங்கள், திரையில் உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய கணக்கு இருந்தால் வேலையில் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள், பெயரையும் அப்போதே திருத்துங்கள். சந்தேகம் என்றால் 14470க்குப் போன் செய்யுங்கள். மாதாமாதம் 27ஆம் தேதி பிஎஃப் ஆட்களே முகாம் போடுகிறார்கள், அங்கே போங்கள்.

எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டுகிறேன், சர்வீஸைச் சேர்த்துக் கொடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறேன். அதோடு பழைய கம்பெனியின் பிஎஃப் சீட்டை வைக்க வேண்டும். கேஎன் நம்பர் இருக்கும் அந்த ஒரே சீட்டு இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. நாளைக் காலை கடை திறக்கும் முன் மகளோடு போய் வாசலில் நிற்கப் போகிறேன்.