தியரி டெஸ்ட்டுக்குப் படித்த நாலு மாதம், அதற்குப் பிறகு ஓட்டிய இரண்டு வருடம்

பத்து வருடம் திருப்பூரில் கார் ஓட்டியவன் நான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பல்லடம் ரோட்டில் ஓட்டியவனுக்கு இங்கிலாந்து ரோடெல்லாம் ஒரு ரோடா என்ற நினைப்போடுதான் லண்டன் ஹாரோவுக்கு வந்து இறங்கினேன். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு, இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதை இந்த ஊர் லைசென்ஸாக மாற்றித் தர மாட்டார்கள். எட்டு மாதம் கழிந்த பிறகுதான் உறைத்தது. புரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸ் வாங்கி, 23 பவுண்டு கட்டி, ஓட்டிக் காட்டுவதற்கு முன்னால் ரோட்டு விதிகளில் தேற வேண்டிய தியரி டெஸ்ட்டுக்குத் தேதி எடுத்தேன்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். “தம்பி, நான் சோதினை செய்யேக்க காதில தமிழ் கேட்டது” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மைதான். முன்பு 19 வெளிமொழிகளில் கேள்விகளை ஹெட்போனில் கேட்கலாமாம், தமிழும் அதில் ஒன்று. 2014 ஏப்ரல் 7-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான்.

நான் முதலில் இறக்கியது ஒரு இலவச ஆப். நாலு கேள்விக்கு ஒரு விளம்பரம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பழைய பதிலைத்தான் பொறுக்க முடியவில்லை. சந்திப்பில் திரும்பும்போது, கடப்பதற்காக ஓரத்தில் காத்து நிற்பவருக்கு வழிவிட வேண்டுமா என்று ஒரு கேள்வி. ஏற்கெனவே ரோட்டில் இறங்கிவிட்டவருக்கு மட்டும் என்றது ஆப். 2022 ஜனவரி 29-லேயே இந்த ஊர் ரோட்டு விதிப் புத்தகமான ஹைவே கோட் மாறி, காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்றாகிவிட்டது. ஆப்புக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை போல. அன்றே அழித்துவிட்டு, அதிகாரபூர்வ ஆப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுதான். அதில் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைப் படிப்பதுதான் படிப்பு. தேர்வில் வரும் அசல் கேள்விகளை 2012-இலிருந்து வெளியிடுவதில்லை, அதனால் மனப்பாடம் பாதி தூரம்தான் வரும்.

எனக்கு ஏறவே ஏறாதது நிறுத்தத் தூரம். 30 மைல் வேகத்தில் 23 மீட்டர், 70-இல் 96 மீட்டர் என்று ஒரு வாரம் ஜபித்தேன், காலையில் மறந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் வரிசையாக நின்ற கார்களை எண்ணினேன். 23 மீட்டர் என்றால் ஆறு கார் நீளம். பிரேக்கை அழுத்த நினைத்த இடம் எங்கள் வாசல் என்றால், வண்டி நிற்கும் இடம் ஆறாவது காருக்குப் பக்கத்தில். அதன் பிறகு மறக்கவில்லை. ரோட்டைக் கடக்கும் இடங்களின் பெயர்கள் அதற்கு நேர்மாறு, ஒரே மூச்சில் ஏறிவிட்டன. பெலிக்கன், பஃபின், டூக்கன் என்று பறவைக் கூட்டமே இருக்கிறது. போதாததற்குக் குதிரைக்காரர்களுக்கு பெகாசஸ் என்று ஒன்று.

விளக்கை அடித்துக் காட்டும் விஷயம் வேடிக்கையானது. நம் ஊரில் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அர்த்தம். இங்கே ரோட்டில் எல்லோரும் ‘நீ போ’ என்பதற்கு அடிக்கிறார்கள். ஹைவே கோடைத் திறந்து பார்த்தால், நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே அடிக்கலாம் என்கிறது. கிட்டத்தட்ட திருப்பூர் கட்சி!

சரி, தேர்வுக்கு வருவோம். 57 நிமிடத்தில் 50 கேள்வி, 43 சரியாக இருக்க வேண்டும். அப்புறம் ஹசார்ட் பெர்செப்ஷன், அதாவது வீடியோவில் ஆபத்து உருவாவதைக் கண்டதும் கிளிக் செய்யும் பகுதி. 14 வீடியோ துண்டுகள், 15 ஆபத்துகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 மதிப்பெண். 75-க்கு 44 வேண்டும். சட்டைக் கையை மடக்கிக் காட்டச் சொல்லி, பாக்கெட்டைப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். வெளியே வரும்போது தாளில் கேள்விகளுக்கு 47, வீடியோவுக்கு 39. இரண்டிலும் ஒரே தடவையில் தேறினால்தான் தேர்ச்சி, அதனால் அந்த 47-க்கும் மதிப்பில்லை.

பத்து வருட அனுபவம்தான் காலை வாரியது. வீட்டுக்கு வந்து ஆப்பில் பயிற்சித் துண்டுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தபோது புரிந்தது. நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் தலை அசைந்ததுமே கதவு திறக்கும் என்று கிளிக் செய்திருக்கிறேன். மதிப்பெண் கணக்கு தொடங்குவதோ கதவு உண்மையில் அசையும்போது. திரைக்கு அடியில், கிளிக் செய்த இடத்தைக் காட்டும் என் சிவப்புக் கொடி தனியாக நின்றது, பக்கத்தில் பூஜ்யம். பல்லடம் ரோட்டில் அது கெட்டிக்காரத்தனம், இங்கே அவசரக் குடுக்கை. பயந்துபோய் தட்டிக்கொண்டே இருந்தாலும் அந்தத் துண்டுக்கு ஒன்றும் கிடைக்காது. கண்ணில் பட்டதும் ஒரு கிளிக், அது வளரத் தொடங்கியதும் இன்னொன்று. இந்தப் பழக்கம் கைக்கு வரத் தினமும் அரை மணி நேரமாக மூன்று வாரம் ஆனது. அடுத்த தடவை 48, 61. இதை முதலிலேயே செய்திருந்தால் 23 பவுண்டு மிஞ்சியிருக்கும். கேள்விகளுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியை வீடியோவுக்குக் கொடுங்கள், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் முக்கியமாக.

இப்போது இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். ரோட்டடையாளங்களில் பாதி மறந்துவிட்டது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு கார் கணக்கு மட்டும் போகவில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவே கார்களை அடுக்கிப் பார்ப்பது அனிச்சையாகவே நடக்கிறது. ஹார்னைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்று நினைவில்லை. ஊருக்குப் போனபோது ஆட்டோக்காரர் ஒருவர் அதற்காகவே திட்டினார்.

இந்த மாதம் மனைவி படிக்கிறாள். ஊரில் ஸ்கூட்டிகூட ஓட்டியதில்லை. நேற்று இரவு பயிற்சித் தேர்வில் வீடியோ பகுதிக்கு 63 எடுத்துவிட்டு, “நீங்க ஒரு தடவை பண்ணுங்க, பாக்கலாம்” என்று போனை நீட்டினாள். 41.