மைசூரின் 144 பேரா, திருவிதாங்கூரின் 8 பேரா?

சமஸ்தானங்களில் முதல் சட்டமன்றம் எது என்று பேச்சு வந்தால், 1881 மைசூர் பிரதிநிதி சபை என்பார் ஒருவர், 1888 திருவிதாங்கூர் சட்டசபை என்பார் இன்னொருவர். எது முந்தியது என்பதை விட, அன்றைய குடியானவனுக்கு எது உதவியிருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மைசூர் ராஜ்ஜியம் ஐம்பது ஆண்டு ஆங்கிலேய நிர்வாகத்துக்குப் பிறகு 1881 மார்ச்சில்தான் உடையார் அரச குடும்பத்தின் கைக்குத் திரும்பியது. 1876-78 பஞ்சம் பல ஊர்களைக் காலி செய்துவிட்டுப் போயிருந்த நேரம். திவான், அதாவது மகாராஜாவின் தலைமை அமைச்சர், ரங்காசார்லு, நம் செங்கல்பட்டுப் பக்கத்துச் செட்டிபுண்ணியம்காரர், அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று தசராவை ஒட்டி 144 பேரை மைசூரில் கூட்டினார். தாலுகாக்களிலிருந்து நிலம் வைத்திருந்த விவசாயிகள், மாவட்டங்களிலிருந்து வணிகர்கள். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று திவானே அவர்கள் முன் கணக்கு வாசிப்பார். அப்புறம் அவர்கள் எழுந்து ஏரி மராமத்து, சாலை, காட்டிலாகா கெடுபிடி, தீர்வை என்று தங்கள் ஊர்க் குறையைச் சொல்லலாம். கேட்டுக்கொள்வதும் மறுப்பதும் திவான் விருப்பம், ஏனென்றால் சட்டம் இயற்றவோ பட்ஜெட்டை நிறுத்தவோ சபைக்கு அதிகாரம் கிடையாது. தொடக்கத்தில் எல்லாரும் நியமனம்தான். 1891இல் தேர்தல் வந்தபோதும் சொத்தோ படிப்போ இருந்தவர்களுக்கே அதில் இடம்.

திருவிதாங்கூர் இதற்கு நேர் எதிர். மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் 1888 மார்ச் 30 அன்று போட்ட சட்டப்படி அமைந்த சபை, ஆகஸ்ட் 23 அன்று திவானின் அறையிலேயே கூடியது. ஒரு அறை போதும், மொத்தமே 8 பேர், அதில் 6 பேர் அரசு அதிகாரிகள், தலைமை திவான் ராமராவ். ஆனால் வேலை நிஜமான சட்ட வேலை: மசோதாவை எடுத்து அலசி நிறைவேற்றி மகாராஜாவின் ஒப்புதலுக்கு அனுப்பினார்கள். மைசூரின் 144 பேருக்கு இல்லாத அதிகாரம் அது. 1898இல் உறுப்பினர் உச்சவரம்பு 15 ஆனது, அப்போதும் அதிகாரிகள்தான் பெரும்பான்மை.

சரி, வெளியே இருந்த ஜனங்கள் எங்கே போய்ப் பேசுவது? 1891இல் 10,000க்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் என்ற மனு மகாராஜாவிடம் போனது, சமஸ்தானத்தின் பெரிய வேலைகளை வெளியூர்க்காரர்களே, முக்கியமாகத் தமிழ்ப் பிராமணர்களே பிடித்துக்கொள்கிறார்கள் என்று. 1896இல் டாக்டர் பல்பு ஈழவர்களுக்காக 13,176 கையெழுத்துகளோடு இன்னொரு மனு கொடுத்தார். மருத்துவம் படித்த அந்த மனிதருக்குச் சாதியைக் காரணம் காட்டிச் சொந்த ஊரில் வேலை மறுக்கப்பட்டது, அவர் வேலை பார்த்தது மைசூர் அரசில். நியாயம் கேட்க மனு எழுதுவதைத் தவிர வழியில்லாத நிலையில், சட்டம் இயற்றும் அறை ஒன்று இருந்து என்ன பயன் என்று எனக்கு ஆத்திரமே வருகிறது.

அதனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் மைசூர் பக்கம்தான். ஏழைக்கும் பெண்ணுக்கும் அங்கே நாற்காலி இல்லை என்பது பெரிய குறை, அதை மூடி மறைக்க மாட்டேன். ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை திவான் ஜனங்கள் முன் நின்று கணக்குச் சொல்லும் வழக்கம் வேரூன்றிவிட்டால், பிறகு வருபவர் அதை நிறுத்துவது கஷ்டம். ரங்காசார்லு 1883 தொடக்கத்திலேயே இறந்துபோனார், அடுத்து வந்த சேஷாத்ரி ஐயரும் கூட்டத்தை விடாமல் நடத்தினார்.

இன்னொன்றும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்து மைசூர் அரசில் பல ஆண்டு வேலை பார்த்த வி.பி. மாதவராவ் 1904இல் திருவிதாங்கூர் திவானாக வந்தார், அதே ஆண்டு அங்கேயும் மைசூரைப் போல ஜனங்கள் குறை சொல்ல 100 பேர் கொண்ட ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது. பிறகு அவர் மைசூர் திவானாகத் திரும்பிப் போனார், 1907இல் மைசூருக்கும் சட்ட மேலவை கிடைத்தது.