ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டாரு வச்சிருக்கவங்க இத வாசிச்சுட்டுப் போங்க, என் 14,500 ரூவா போச்சு

மணி ராத்திரி 12 தாண்டிருச்சு, வெப்ராளத்துல தூக்கம் வரல, அதான் உக்காந்து டைப் பண்ணுதேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. கம்மி விலை ஷார்ட் ஸ்கேல் பேஸ எப்படி வாங்கணும், என்னென்ன மாத்தலாம்னு வெவரமா ஒண்ணு எழுதுதேன்னு போன மாசமே சொல்லிருந்தேன்லா, அத எழுதத்தான் நெனச்சேன், ஆனா இன்னைக்கு சாயங்காலம் நடந்ததுக்குப் பெறவு கை நடுங்குது, எங்கிட்டு சுத்துனாலும் அந்த 14,500-லயே வந்து நிக்குது.

நமக்கு ஊரு பாளையங்கோட்டை. வண்ணார்பேட்டைல ஒரு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன் வேலை, சம்பளம் பதினாறாயிரம். ஞாயித்துக்கெழமை கோயில்ல, அதான் சர்ச்சுல, பாட்டுக்குழுவுக்கு பேஸ் வாசிப்பேன். எனக்கு சின்னக் கை. கோயில்ல கெடக்குற பெரிய பேஸ் 34 இஞ்ச் ஸ்கேல் (ஸ்கேல்னா கம்பி அதிருற நீளம்), அதுல மொதல் ஃப்ரெட்டுல (கழுத்துல குறுக்க பதிச்ச தகடு) இருந்து நாலாவது ஃப்ரெட்டுக்கு விரல விரிச்சா மணிக்கட்டு விட்டுப்போவும், அறுப்பின் பண்டிகை முடிஞ்சா ரெண்டு நாளைக்கு தோளத் தூக்க முடியாது. அதான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாகர்கோவில்ல கச்சேரிக்கு வாசிக்குற ஒரு அண்ணன்ட்ட இருந்து ஸ்குவயர் பிராங்கோ ஒண்ணு 9,000 ரூவாக்கு வாங்குனேன். 30 இஞ்ச் ஸ்கேல், 19 ஃப்ரெட்டு, ஒரே ஒரு பிக்கப்பு (கம்பி அதிருறத கரண்டு சிக்னலா மாத்துற காந்தக் காயில்), வால்யூம் ஒண்ணு டோன் ஒண்ணு, அவ்வளவுதான். நாலு இஞ்ச் கொறஞ்சா என்ன பெருசான்னு கேப்பாவ, வாசிச்சுப் பாத்தாத்தான் தெரியும், எனக்கு என்னமோ அன்னைக்குத்தான் எனக்குன்னு அளவெடுத்துத் தச்ச சட்டையப் போட்ட மாதிரி இருந்துச்சு.

கொறை இல்லாம இல்ல. பிராங்கோல அந்த கருப்பு மூடிக்குள்ள இருக்கது நெசத்துல பேஸ் பிக்கப்பே கெடையாது, ஆறு போல், அதாவது ஆறு உலோகக் குச்சி வச்ச சாதா கிட்டாரு சிங்கிள் காயில். டியூப்லைட்டு எரிஞ்சா போதும், ம்ம்ம்முன்னு எரையும். பழைய மாடல்ல பிரிட்ஜுல (கம்பியோட அடி முனைய மாட்டுற தகடு) ரெண்டே சாடில்தான் (கம்பியத் தாங்குற கட்டை), ரெண்டு கம்பிக்கு ஒண்ணு, ஈ கம்பிய சரிபண்ணா ஏ கம்பி பன்னெண்டாவது ஃப்ரெட்டுல பெசகி நிக்கும். அதோட ஸ்கேல் சின்னதானா கம்பி இழுவையும் கொறையும், ஒரே தடிமன் ஒரே சுருதின்னா 34-க்கும் 30-க்கும் கிட்டத்தட்ட 22 சதவீதம் வித்தியாசம், அதான் ஈ கம்பி தொளதொளன்னு ஆடும். 105 தடிமன்ல (0.105 இஞ்ச்) ஷார்ட் ஸ்கேலுக்குன்னே விக்குற கம்பி போட்டா கொஞ்சம் நிக்கும். ஆக மாத்த வேண்டியது மூணுதான்: பிக்கப்பு, பிரிட்ஜு, கம்பி.

டவுன்ல ஆம்ப் ரிப்பேர் பாக்குற ஒரு அண்ணாச்சி இருக்காவ, போன வருஷம் என் பிக்கப்பு வயரு விட்டுப்போனப்ப அவியதான் பத்தவச்சுக் குடுத்தாவ. அவியள்ட்ட கேட்டதுக்கு "பார்ட்ட மட்டும் வாங்கிட்டு வாம்மா, முன்னூறு ரூவாக்கு மாட்டித் தாரேன்"னு சொன்னாவ. முன்னூறு ரூவா! அந்தப் பேச்சக் கேட்டுருந்தா இன்னைக்கு நிம்மதியாத் தூங்கிருப்பேன்.

நான் எங்க போய் விழுந்தேன்னா, ஃபோட்டோ ரீல்ஸ் போடுற ஆப்புல கிட்டாரு அப்கிரேடு பண்ணித் தாரோம்னு பக்கம் நடத்துதான் ஒருத்தன், பேரு போட மாட்டேன், வடக்க ஒரு பெரிய ஊருல இருந்து நடத்துதான். மேசைய அழகா வெளக்கு போட்டு வச்சு, சோல்டரிங் பொகைய ஸ்லோமோஷன்ல காட்டி, முன்னாடி இப்படி பின்னாடி இப்படின்னு சவுண்டு போட்டுக் காட்டுவான். மெசேஜ் போட்டேன், அஞ்சே நிமிசத்துல வீடியோ கால்ல வந்துட்டான். எடுத்ததும் என் புரொஃபைல் படத்துல பின்னாடி தெரிஞ்ச கோபுரத்தப் பாத்துட்டு "ஸ்தோத்திரம் சிஸ்டர், பாளையங்கோட்டையா? எங்க அம்மா பொறந்த ஊரு நாசரேத்துல்லா"ன்னான். அவ்வளவுதான், நம்ம பக்கத்து ஊருக்காரன்னு நான் காலி. அதுக்குப் பெறவு பேச்சே மாறிப்போச்சு, "என்ன சிஸ்டர் சொல்லுதிய, நம்ம கோயிலுக்கு வாசிக்குறதுக்கு நான் லாபமா பாப்பேன்"னு நம்ம பாஷைலயே பேசுதான். சின்ன வயசுல அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) வந்து வாளி தூக்கி சாம்பார் ஊத்துனேன்னு கதை வேற. நான் ஈன்னு பல்லக் காட்டிட்டு கேட்டுட்டு இருந்தேன். இப்ப நெனச்சா என்ன நானே அறையணும் போல இருக்கு. யோசிச்சுப் பாத்தா அசனத்துல சாம்பார் ஊத்துனதுக்கும் சோல்டர் வைக்கத் தெரியுறதுக்கும் என்ன சம்பந்தம்?

அவன் குடுத்த கணக்கு இது. சீமோர் டங்கன் கம்பெனியோட ஹாட் ரெயில்ஸ் பிக்கப்பு (போலுக்குப் பதிலா ரெயில் வச்ச, எரையாத ஹம்பக்கர் வகை) 8,000, நாலு சாடில் பிரிட்ஜு 2,500, ஷார்ட் ஸ்கேல் ஃபிளாட்வவுண்டு (மேல வழவழன்னு இருக்க) கம்பி 2,400, கூலி 1,600. மொத்தம் 14,500. பார்ட்ட மட்டும் தாங்க, இங்கனயே மாட்டிக்கிடுதேன்னு கேட்டேன், "தனியா குடுத்தா வாரண்டி தர முடியாது சிஸ்டர், முழு பணமும் மொதல்லயே போட்டாத்தான் பார்ட்டு ஆர்டர் போட முடியும்"னான். போட்டேன், யூபிஐல, ஒரே தவணைல, 14,500. எங்க அம்மா பக்கத்துல உக்காந்து பூ கட்டிட்டு இருந்தவ, "9,000 ரூவா சாமானுக்கு 14,500 செலவா, கோட்டியாட்டி ஒனக்கு? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்"னா. நான்தான் ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு வாயாடுனேன்.

புது பஸ் ஸ்டாண்டுல பார்சல் போட்டது, திரும்பி வந்ததுன்னு அது ஒரு 1,300. அதச் சேக்கல, 14,500-ன்னே சொல்லுதேன். பத்து நாள்ல வந்துரும்னான், அஞ்சு வாரம் ஆச்சு. நடுவுல கேட்டா "கஸ்டம்ஸ்ல நிக்குது சிஸ்டர்", அடுத்த வாரம் "வின்டர் லீவு போட்டுட்டான் சிஸ்டர்". வின்டர்னா குளிருன்னு நெனைக்காதீங்க, காயில் சுத்துற ஆளாம். கம்பெனில இருந்து சுத்தியே வார பிக்கப்புக்கு காயில் சுத்த ஆளு எதுக்குன்னு எனக்கு அப்ப உரைக்கல பாருங்க!

வந்துச்சு. பிரிட்ஜு பளபளன்னு புதுசு, நாலு சாடில். பிக்கப்பு மேல அதே கருப்பு மூடி. "ஹாட் ரெயில்ஸ் அந்த மூடிக்கு அடியிலயே உக்காந்துரும், பழைய லுக்கு மாறாது, பிக்கார்டு (முன்பக்கத்து பிளாஸ்டிக் தகடு) ஸ்குரூல ஸ்டிக்கரு ஒட்டிருக்கேன், கிழிச்சா வாரண்டி கெடையாது"ன்னு ஏற்கனவே சொல்லிட்டான். கம்பி ஃபிளாட்வவுண்டு இல்ல, தொட்டாலே தெரியுது சொரசொரன்னு ரவுண்டு. கேட்டா "ஸ்டாக் இல்ல, இப்போதைக்கு இதப் போடுங்க, அடுத்த வாரம் கொரியர்ல வரும்"னான். அந்த அடுத்த வாரம் இன்னும் வரல. அவன் போட்ட கம்பியும் லாங் ஸ்கேல் கம்பிய வெட்டி மாட்டுனது, ஈ கம்பியோட முழுத் தடிமனும் ட்யூனர் கட்டைல வளைஞ்சு முறுக்கிக்கிட்டு நிக்கி, சுருதி நிக்கவே மாட்டேங்கு.

ஞாயித்துக்கெழமை காலைல ஆராதனை. ஹம்பக்கர்னா ரெண்டு காயில் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா இருந்து எரைச்சல அடிச்சு விட்டுரும், அதுக்குத்தான் அந்தப் பேரே. நான் கேபிள சொருகுனதும் முன்னாடிய விட ரெண்டு மடங்கு எரையுது. முன்னாடியாவது கம்பில கைய வச்சா அடங்கும், இப்ப கைய வச்சாலும் அடங்கல. ஐயரு (போதகர்) ஜெபம் பண்ணுதாவ, பின்னாடி ம்ம்ம்ம்முன்னு என் ஆம்பு. பாட்டுக்குழுல அத்தன பேரும் திரும்பிப் பாக்காவ. வால்யூமக் கொறைச்சுட்டு பூராப் பாட்டையும் சும்மா கைய ஆட்டிட்டு நின்னேன், மானம் போச்சு.

இன்னைக்கு சாயங்காலம் டவுனுக்குத் தூக்கிட்டு ஓடுனேன். அண்ணாச்சி மொதல்ல மீட்டர வச்சாவ. ஹாட் ரெயில்ஸ்ல பிரிட்ஜு பக்கம் மாட்டுற மாடல்னா காயிலோட மின்தடை கிட்டத்தட்ட 16 கிலோ ஓம் காட்டணும். காட்டுனது 5.9. ஸ்டிக்கரக் கிழிச்சு பிக்கார்டத் தூக்குனா, அங்கன ரெயிலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, அதே ஆறு போல். அண்ணாச்சி தான் பத்தவைக்குற எடத்துல எல்லாம் பச்சை நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைக்குற பழக்கம், தன் வேலைன்னு அடையாளத்துக்கு. அந்தப் பச்சை அங்கனயே அப்படியே இருக்கு! "ஏம்மா, இது என் கை வேலைலா, அவன் என்னத்தம்மா மாத்துனான்?"னு என் மூஞ்சியப் பாக்காவ. எனக்கு கண்ணு நெறஞ்சுட்டு. பிரிட்ஜக் கழட்டிப் பாத்தா அடியில வரணுமே கிரவுண்டு வயரு, அது பிரிட்ஜத் தொடாம மடங்கிக் கெடக்கு, அதான் தொட்டாலும் எரைச்சல் அடங்காதது. ஓட்டையும் பொருந்தாம ஒரு ஸ்குரூவ சும்மா பசை போட்டு நட்டு வச்சிருக்கான். 8,000 ரூவா பிக்கப்புன்னு என் பழைய பிக்கப்பையே எனக்கு வித்துருக்கான் படுபாவி.

கடைல நின்னே ஃபோன் போட்டேன். மொதல்ல "உங்களுக்கு காது பழகல சிஸ்டர், ஹம்பக்கர் சவுண்டு அப்படித்தான்"னான். ஃபோட்டோ அனுப்புனேன். "ஸ்டிக்கரக் கிழிச்சுட்டியளே, இனி நீங்க உள்ள என்ன மாத்துனியன்னு எனக்கு எப்படித் தெரியும்"னான். மீட்டர்ல 5.9 காட்டுதுன்னேன், அதுக்கு அவன் சொன்னத அப்படியே போடுதேன்: "சிஸ்டர், வீட்டுல ஆம்பளையாளு யாராவது இருந்தா ஃபோனக் குடுங்க, டெக்னிக்கலாப் பேசணும்." எனக்கு வந்துச்சு பாருங்க! அண்ணாச்சி ஃபோன வாங்கி கிரவுண்டு வயரப் பத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ, கட் பண்ணிட்டான். பெறவு அடிச்சா எடுக்கல, இப்ப பிளாக்கு. நாசரேத்து, அசனம், சாம்பார் வாளி எல்லாம் பிளாக்கு.

பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி வாசிச்ச ஹாஃப்னர் பேஸும் 30 இஞ்ச்தான், 1961-ல ஹாம்பர்க்ல வாங்குனது, 1972-ல லண்டன்ல வேனுக்குள்ள இருந்து களவு போயி, கெடச்சுட்டுன்னு 2024-லதான் வெளிய சொன்னாவ. என் 14,500-ம் அந்த ரூட்டுலதான் வரும்போல, அதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிச்சேன், பதிஞ்சுக்கிட்டாவ. சாமான் திரும்பி வந்துருக்குல்லா, நுகர்வோர் உதவி எண் 1915-லயும் பேசுங்கன்னாவ, காலைல பேசணும். அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா நுகர்வோர் ஆணையத்துல ஃபீஸ் கெடையாது, 14,500-க்கு அலையணுமான்னு எங்க அண்ணன் கேக்கான், அலைவேன்.

சொன்ன வெவரமெல்லாம் இப்ப எழுத முடியல, அவசரத்துக்கு இத மட்டும் பிடிச்சுக்கோங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே போடாதீங்க. பார்ட்ட நீங்களே வாங்கி உள்ளூர்ல கண்ணு முன்னாடி மாட்டுங்க. அனுப்பித்தான் ஆவணும்னா பிக்கார்டத் தொறந்து உள்ள பூரா ஃபோட்டோ எடுத்து, கேபிள் சொருகுற ஜாக்குல மீட்டர் வச்சு நம்பர எழுதி வச்சுக்கிட்டு அனுப்புங்க, வந்ததும் ஸ்டிக்கராவது மண்ணாவது, ஒடனே கிழிச்சுப் பாருங்க. கழட்டுன பழைய பார்ட்டத் திருப்பிக் கேளுங்க, நான் அத மட்டும் கேட்டுருந்தா அன்னைக்கே கையும் களவுமா மாட்டிருப்பான். கம்பி பாக்கெட்டுல ஷார்ட் ஸ்கேல்னு போட்டுருக்கான்னு பாருங்க. வேற என்னமோ சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டு.

அண்ணாச்சி கிரவுண்டு வயர மட்டும் சரிபண்ணிக் குடுத்தாவ, துட்டு வாங்க மாட்டேன்னுட்டாவ. இப்ப பழைய அளவுக்குத்தான் எரையுது.

எங்க அண்ணன் ஐடில இருந்து அந்தப் பக்கத்த இப்பத்தான் பாத்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஸ்டோரி போட்டுருக்கான், அதே வெளக்கு, அதே மேசை, யாரோட பேஸோ கம்பியில்லாமக் கெடக்கு. பாடிய வச்சுப் பாத்தா அதுவும் ஷார்ட் ஸ்கேல் மாதிரிதான் தெரியுது. அது உங்களுதுன்னா இப்பமே ஃபோன் போட்டு அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லுங்க.